பொருள்: இஸ்திரிப் பெட்டி, எண்ணிக்கை ஒன்று – தொடர்பாக

அனுப்புநர்: தங்கள் சொகுசுக் கப்பலில் இஸ்திரிப் பெட்டியுடன் பிடிபட்ட பயணி.

பெறுநர்: உயர் அதிகாரி அவர்கள், விருந்தினர் மகிழ்ச்சித் துறை, கப்பல் கம்பெனித் தலைமை அலுவலகம்.

பார்வை: மேற்படி பெட்டியைக் கைப்பற்றியதற்குத் தங்கள் பாதுகாப்புப் பிரிவு வழங்கிய மஞ்சள் சீட்டு.

பெருமதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

வணக்கம். தங்கள் கப்பலும் தங்கள் பங்கு விலையும் என்றென்றும் மிதந்துகொண்டிருக்க வாழ்த்துகிறேன்.

சென்ற வாரம் சிங்கப்பூர் மெரினா பே முனையத்தில், பினாங்கும் புக்கெட்டும் பார்க்கக் கிளம்பிய அத்தனை பெரிய கூட்டத்தில், தங்கள் பாதுகாப்பு அதிகாரியின் கழுகுக் கண்ணில் பட்டவன் நான்தான். மணிவிழா முடிந்த கையோடு மகள் வாங்கிக் கொடுத்த டிக்கெட். என் கைப்பை ஸ்கேன் இயந்திரத்துக்குள் போனது; வெளியே வந்தபோது அது தங்களுடையதாகிவிட்டது. தூங்கும்போது நான் மூக்கில் மாட்டிக்கொள்ளும் சிபாப் கருவியை அந்த இளைஞர் எடுத்து மேசைமேல் வைத்தார். குழாயை இழுத்து நீளம் பார்த்தார். முகமூடியைத் தூக்கிப் பிடித்து, வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் தரிசனம் கிடைக்கும்படி ஒரு சுற்றுச் சுற்றினார். பின்னால் நின்ற குழந்தை ஒன்று “அந்தத் தாத்தா பைலட்டா?” என்று கேட்டது. அதன் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, “இல்லடா, உடம்பு சரியில்லாதவங்க” என்று சொல்லிக் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிறகு விசாரணை.

“இந்தத் தகடு சூடாகுமா?”

“ஆகும்.”

“இதில் தண்ணீர் ஊற்றுவீர்களா?”

“ஊற்றுவேன்.”

“ஆவி வருமா?”

“லேசாக ஈரக்காற்று வரும்…”

“ஸ்டீம் அயர்ன்!” என்று பக்கத்தில் இருந்தவரிடம் அறிவித்தார். அவரும் எழுதிக்கொண்டார். மலையில் புகையைக் கண்டு நெருப்பை ஊகித்த நையாயிகர்களுக்குப் பிறகு, ஆவியைக் கண்டு இஸ்திரிப் பெட்டியை ஊகித்தவர் உலகத்தில் தங்கள் ஊழியர் ஒருவர்தான். தடைசெய்த பொருள் என்பதால் சீட்டில் இப்படி எழுதியிருந்தது: ‘இஸ்திரிப் பெட்டி – 1. பயணம் முடிந்து இறங்கும்போது பெற்றுக்கொள்ளவும்.’

அதாவது, என் மூச்சை நான் இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

அன்று கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்ததில் அவர் சொன்னதே சரி என்று தோன்றிவிட்டது. நான் தூங்கியதும் தொண்டைச் சதை தளர்ந்து, மூச்சுப் பாதை துவைத்துப் பிழிந்த வேட்டியாகச் சுருண்டுகொள்கிறது. காற்று போக வழியில்லை. பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் அதற்கும் மேலே மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறிப்போய் உலுக்கி எழுப்ப, பெரிய குறட்டை ஒன்றோடு மூச்சு திரும்புகிறது. மறுபடியும் வேட்டி சுருள்கிறது. மணிக்கு 30 தடவைக்கு மேல் இது நடந்தால் ‘கடுமை’ என்று டாக்டர்கள் எழுதுவார்கள். என் அறிக்கையில் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். கருவி என்ன செய்கிறது? அறையில் இருக்கும் காற்றையே உறிஞ்சி, கொஞ்சம் அழுத்தம் கொடுத்து மூக்கு வழியாக அனுப்பி, சுருண்டதை நீவி நிமிர்த்தி, விடியும்வரை மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் இஸ்திரி இல்லாமல் வேறென்ன?

இந்த இஸ்திரித் தொழிலைத் தொடங்கிவைத்தவர் ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்ற டாக்டர். வாக்குவம் கிளீனர் மோட்டாரை உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதவைத்து முதல் பெட்டியைச் செய்தார். 1981-ல் லான்செட் இதழில் அதைப் பற்றி எழுதினார். அதற்கு முன்னால் நோய் முற்றியவர்களுக்கு இருந்த வழி, தொண்டையில் துளை போட்டுக் குழாய் செருகுவது. நல்ல வேளை, அவர் அந்தப் பெட்டியோடு தங்கள் கப்பலில் ஏறவில்லை. ‘வாக்குவம் கிளீனர் – 1’ என்று சீட்டுக் கொடுத்து, மேல்தளத்தைப் பெருக்கவும் விட்டிருப்பீர்கள்.

சீட்டோடு கீழ்த்தளத்து மேசைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஏற்கெனவே வரிசை. ஷாம்பு பாட்டிலில் விஸ்கி கொண்டுவந்த ஒருவர், பாட்டிலை ஆட்டினால் நுரை வரவில்லையே என்ற கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தார். மாமி ஒருவர் குட்டி மின்சாரக் குக்கருடன் நின்றார். “தயிர்சாதத்துக்கு மட்டும்தாம்பா” என்று பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் தமிழிலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நிஜமான இஸ்திரிப் பெட்டிக்காரர். என் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் தொழில் தோழனைக் கண்ட உற்சாகத்தில், “உங்களது எத்தனை வாட் சார்?” என்றார். அடாப்டரில் எழுதியிருந்ததைப் பார்த்து “தொண்ணூறு” என்றேன். “தொண்ணூறா! என்னோடது ஆயிரம். அதில் கைக்குட்டைகூடத் தேய்க்க முடியாதே!” என்று மெய்யாகவே வருத்தப்பட்டார். அன்று அந்தக் கப்பலில் என் கருவியை இஸ்திரிப் பெட்டி இல்லை என்று கண்டுபிடித்த ஒரே மனிதர் அவர்தான். பாதுகாப்புப் பிரிவில் வேலை காலியிருந்தால் தாராளமாகச் சிபாரிசு செய்கிறேன்.

தங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நடுக்கடலில் தீப்பிடித்தால் இறங்கி ஓடத் தெரு கிடையாது. கப்பல் மின்சாரமும் வீட்டு மின்சாரம் மாதிரி இல்லை. அங்கே இரண்டு கம்பியிலும் மின்னழுத்தம் இருக்கும் என்பதால், ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கிற சாதாரண சர்ஜ் ப்ரொடெக்டரே நெருப்புக்குக் காரணமாகலாம் என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-ல் எச்சரித்தது. ஆகவே அதைப் பிடுங்குங்கள்; குக்கரைப் பிடுங்குங்கள்; மாமி இரண்டு நாள் பன் சாப்பிடட்டும். ஆனால் என் அறைக் குளியலறைச் சுவரில் தாங்களே மாட்டியிருக்கும் முடி உலர்த்தி என் பெட்டியைப்போலப் பல மடங்கு மின்சாரம் குடிக்கிறதே! முடியுள்ளவர்களுக்கு இருக்கும் சலுகை மூச்சுள்ளவர்களுக்குக் கிடையாதா?

டாக்டர் கடிதத்தைக் காட்டினேன். கப்பல் டாக்டர் ஒப்புக்கொண்டால்தான் செல்லும் என்றார்கள். கப்பல் டாக்டரைப் பார்க்க டாலரில் கட்டணம். அவர் அறை அன்று மூடிவிட்டது. காலையில் வரச் சொன்னார்கள். மகள் டிக்கெட் எடுத்தபோதே சிறப்புத் தேவைப் படிவத்தில் எல்லாம் எழுதியிருக்கிறாளே என்றேன். கணினியைத் தட்டிப் பார்த்தார்கள். ஆமாம், எழுதியிருக்கிறாள். ‘கோரிக்கை பெறப்பட்டது’ என்றும் இருக்கிறது. பெறப்பட்டது, அவ்வளவுதான்.

ஐயா, ஒரு நிமிடம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறேன். அன்று இரவு நான் கருவி இல்லாமல் படுத்தேன். என் மனைவி படுக்கவேயில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, என் குறட்டை நிற்கும்போதெல்லாம் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்து, தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கி எழுப்பிக்கொண்டிருந்தாள். “ஏங்க… ஏங்க…” இதுதான் அவள் பார்த்த மலாக்கா நீரிணை. 2022-ல் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் இறந்தபோது டாக்டர்கள் சொன்ன காரணங்களில் என் நோயின் பெயரும் இருந்தது; அதை அவள் செய்தியில் கேட்டிருக்கிறாள், மறக்கவில்லை. மூச்சு நின்றுவிடுகிற மனிதனிடமிருந்து மூச்சுக் கருவியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டு, மேல்தளத்தில் நள்ளிரவு வரை நடனம் நடத்தினீர்கள். வெட்கமாக இல்லையா? காலையில் கதவடியில் ஓர் அட்டை கிடந்தது: ‘நேற்றிரவு உங்கள் உறக்கம் எப்படி?’ கீழே சிரிக்கிற முகம் ஐந்து. அழுகிற முகம் ஒன்றுகூட இல்லை.

மன்னிக்கவும். சூடு கொஞ்சம் ஏறிவிட்டது. குமிழைத் திருப்பிக் குறைத்துவிட்டேன். இனிப் பட்டுத்துணிக்கு ஏற்ற சூட்டில் எழுதுகிறேன்.

மறுநாள் தங்கள் கருணையால் பெட்டி திரும்பி வந்தது. ஆனால் அதை எங்கே செருகுவது? அறையில் பிளக் வசதியெல்லாம் அலங்கார மேசையில். கட்டில் எதிர்ச்சுவர் ஓரம். என் கருவியின் குழாய் ஆறடி நீளம்; தங்கள் அறையை அலங்கரித்த கலைஞர் மனித மூக்கு கண்ணாடிக்கு முன்னால்தான் தூங்கும் என்று நம்பியிருக்கிறார். எக்ஸ்டென்ஷன் கார்டு கேட்டேன். நாங்கள் கொண்டுவந்தால் பறிமுதல், தாங்கள் கொடுத்தால் பாதுகாப்பு. அதுவும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் இருந்த கார்டெல்லாம் வெளியே போயிருந்தது. கடைசியில் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றி, மேசைப் பக்கம் தலைவைத்து, மனைவியின் பாதத்தைப் பார்த்தபடி படுத்தேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் கொலுசை நான் இவ்வளவு நேரம் ரசித்ததில்லை. தங்கள் விளம்பரத்தில் வரும் ‘காதல் பயணம்’ இதுதான் போலும்.

அடுத்தது, காற்றை ஈரமாக்கக் கருவிக்குள் ஊற்றும் தண்ணீர். இஸ்திரிப் பெட்டிக்காரர்களுக்குத் தெரியும், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே வெள்ளைப் பொருக்குப் படியும். டிஸ்டில்ட் வாட்டர்தான் வேண்டும். எங்கள் மாம்பலத்தில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற கேன் கேனாக விற்கிறார்கள். தங்கள் வரவேற்பில், “இல்லை. மினரல் வாட்டர் இருக்கிறது, கணக்கில் எழுதிக்கொள்ளலாமா?” என்றார்கள். எது இருக்கக்கூடாதோ அதன் பெயரையே ஒட்டிய பாட்டில்!

அறைக்குத் திரும்பி டிவியைப் போட்டேன். தங்கள் கப்பலின் பெருமை பற்றிய படம் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் வீண்சூட்டை வைத்து, காற்றழுத்தம் குறைத்த கலத்துக்குள் கடல்நீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து, தினமும் டன் கணக்கில் நல்ல தண்ணீர் எடுக்கிறீர்களாம். பிறகு அதில் உப்புச் சத்துகளும் குளோரினும் சேர்த்துக் குழாயில் விடுகிறீர்களாம். ஐயா, அந்தச் சேர்க்கைக்கு முன்னால் இருப்பதன் பெயர்தான் டிஸ்டில்ட் வாட்டர். சுற்றிலும் கடல், கீழே ஆவியடுப்பு, மேலே அதற்காகத் தவம் கிடக்கும் நான். எனக்கு டாக்டர் வைத்த அழுத்தத்தை நீர்மட்டக் கணக்கில் சொன்னால் 11 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண் தண்ணீர். எட்டு மீட்டர் தண்ணீரில் அமிழ்ந்து மிதக்கும் கம்பெனிக்கு என் அரைச் சாண் பெரும் பாரமாகிவிட்டது.

இந்த இடத்தில் தங்கள் ஊழியர் ஒருவரைப் பாராட்ட வேண்டும். பெயர் எழுத மாட்டேன். தாங்கள் அவருக்கு ஏதாவது செய்துவிடுவீர்கள் என்று பயம். அறை சுத்தம் செய்ய வந்த தூத்துக்குடிப் பையன். முகமூடியைப் பார்த்ததும், “சார், எங்க சித்தப்பாவுக்கும் இதே மிஷின்தான்” என்றான். சார் சீக்கிரமே அண்ணாச்சி ஆனார். சாயங்காலம் எங்கிருந்தோ ஒரு எக்ஸ்டென்ஷன் கார்டு, கூடவே துண்டில் சுற்றிய ஒரு கேன்.

“டிஸ்டில்ட் வாட்டர் அண்ணாச்சி.”

“எங்கப்பா கிடைச்சுது?”

“லாண்டரில. ஸ்டீம் அயர்ன் பாக்ஸுக்கு ஊத்த வச்சிருக்காங்க.”

தங்கள் அதிகாரியின் தீர்க்கதரிசனத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கோடி கோடியாய்ச் செலவழித்துக் கட்டிய கப்பலில் என்னை ஒழுங்காகத் தூங்கவைத்தது சலவைத் துறைதான். அன்று என் தொண்டையில் ஒரு மடிப்பு விழவில்லை. என் மனைவி எட்டு மணிவரை எழுந்திருக்கவில்லை. பினாங்கு வந்ததும் தெரியாது.

ஆகவே பணிவான வேண்டுகோள்: புதுக் கப்பல் கட்டும்போது கட்டிலருகே ஒரு பிளக் வையுங்கள். ஸ்கேன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சிபாப் கருவியின் படம் ஒன்று ஒட்டுங்கள். எத்தனையோ விமான நிலையங்களில் அடையாளம் தெரிகிறது, தங்களுக்கும் தெரிய வரும். மருத்துவக் கருவியை மருத்துவம் தெரிந்த ஒருவர் பார்க்காமல் பூட்டிவைக்காதீர்கள். படிவத்தைப் பெறுகிறவர் அதைப் படிக்கவும் செய்யட்டும். கணக்கில் எழுதிய மினரல் வாட்டர் காசைத் திருப்பித் தாருங்கள். ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை.

நேற்றுத் தங்கள் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. என்னை மறுபடி கப்பலில் காண ஏங்குகிறீர்களாம். அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடியாம். கூடவே சிறப்புத் தேவைப் படிவம். தமிழிலும் இருக்கிறது, அதற்கு மனமார்ந்த நன்றி. சக்கர நாற்காலி, சர்க்கரையில்லாத இனிப்பு, பிறந்தநாள் கேக் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. மூச்சுக்கு இல்லை. ‘மற்றவை’ என்ற குட்டிக் கட்டத்தில், ‘கட்டிலருகே ஒரு பிளக் வேண்டும்’ என்று தட்டினேன். ‘கட்டிலருகே ஒரு’ என்பதோடு இடம் தீர்ந்துவிட்டது. அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்: கட்டிலருகே ஒரு ரோஜாப் பூங்கொத்து வைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்களாம், கட்டணம் தனி, நாளைக்குள் பணம் கட்ட வேண்டுமாம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள பயணி