எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும் நிரல்

முதலாண்டு மாணவர்கள் கல்லூரி ஆய்வகத்தில் எழுதும் சி நிரலைப் போல நல்ல மனம் படைத்த ஒன்றை நான் கண்டதில்லை. "ஐந்து பாட மதிப்பெண்களை உள்ளிடுக" என்று திரையில் ஒரு வரி, அதன் கீழே, தட்டுவதை வாங்கிக்கொள்ள ஐந்து முறை ஸ்கேன்எஃப். அவ்வளவுதான். தட்டியது எண்ணா எழுத்தா, நூற்றுக்குள் இருக்கிறதா, கழித்தல் குறி போட்டிருக்கிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. சந்தேகமே அறியாத பிறவி. இப்படிப்பட்ட பெருந்தன்மையை யாராவது வாயாரப் பாராட்ட வேண்டாமா?

முதலில் அதன் போதுமென்ற மனம். மாணவி ஒருத்தி முதல் பாடத்துக்கு 87.5 என்று தட்டி எண்டரை அழுத்துகிறாள். முழு எண்ணுக்கான %டி போட்டிருப்பதால் ஸ்கேன்எஃப் 87-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறது; புள்ளியும் ஐந்தும், தட்டியது காத்திருக்கும் பஃபரிலேயே நிற்கின்றன. இரண்டாம் பாடத்துக்கான ஸ்கேன்எஃப் வந்து பார்க்கிறது. முன்னால் புள்ளி. புள்ளியில் தொடங்கும் முழு எண் கிடையாது, ஆகவே தொடாமல் ஒதுங்கிக்கொள்கிறது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவதும் அதே மரியாதையைக் கடைப்பிடிக்கின்றன. அந்த நான்கு மாறிகளிலும் நினைவகத்தில் ஏற்கெனவே கிடந்தது எதுவோ அதுவே மதிப்பெண். ஆய்வகத்தில் அதற்குக் கார்பேஜ் வேல்யூ என்று பெயர். நிரல் அதையும் சேர்த்துக் கூட்டி, ஐந்தால் வகுத்து, சராசரியை இரண்டு தசம இடம் வரை துல்லியமாக அச்சிடுகிறது. ஐந்து கேட்டு ஒன்று பெற்று, மிச்சத்தைத் தானே போட்டு நிரப்பிக்கொள்ளும் கணக்காளரை வேறெங்கே பார்க்க முடியும்?

தனிவட்டி நிரல் இன்னும் இரக்கமுள்ளது. அசல் எவ்வளவு என்று கேட்கும்போது, நம்மூர் வழக்கப்படி 1,00,000 என்று காற்புள்ளி போட்டுத் தட்டுங்கள். லட்சம் ரூபாய்க் கடன் ஒரு ரூபாயாகக் குறைந்துவிடும். கடன் தள்ளுபடி செய்ய அரசாங்கங்கள் எத்தனை கூட்டம் போடுகின்றன! இங்கே ஒரு காற்புள்ளி போதும். பத்து இலக்கக் கைப்பேசி எண்ணை ஒரு சாதாரண இன்ட் மாறியில் வாங்கினால் அதைவிடப் பெரிய சுதந்திரம் கிடைக்கும். இன்றைய கணினிகளில் அந்த மாறியின் எல்லை 2147483647. பழைய டர்போ சி-யில் 32767. எல்லையைத் தாண்டினால் என்ன நடக்க வேண்டும் என்று சி மொழியின் தரநிலை எதையும் விதிக்கவில்லை. எது வந்தாலும் சரியான விடைதான்.

ஆனாலும் நம் ஆய்வக நிரலின் உழைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டாக் நிரலைத்தான் பார்க்க வேண்டும். சேர்க்க 1, எடுக்க 2, காட்ட 3, வெளியேற 4 என்று பட்டியல் போட்டு, லூப்புக்குள் சுற்றும் நிரல் அது. ஒருவர் 1 தட்டி 25-ஐச் சேர்க்கிறார். அடுத்த முறை கை தவறி 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்திவிடுகிறார். ஸ்கேன்எஃப்புக்கு எழுத்து ஆகாது. அதை எடுக்கவும் எடுக்காது, அப்புறப்படுத்தவும் செய்யாது. தேர்வு என்ற மாறியில் பழைய 1 அப்படியே இருப்பதால் நிரல் மறுபடி சேர்க்கப் போகிறது. எந்த எண்ணைச் சேர்ப்பது என்று கேட்கிறது. அந்த ஸ்கேன்எஃப்பின் முன்னாலும் அதே எழுத்து நிற்கிறது. பழைய 25-ஐயே மறுபடி சேர்க்கிறது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அதற்கு இல்லை. கண் இமைப்பதற்குள் ஸ்டாக் 25-களால் நிறைந்து, "ஸ்டாக் நிரம்பிவிட்டது" என்ற வரி திரையில் அருவியாய்க் கொட்டத் தொடங்கும். கன்ட்ரோல்-சி அழுத்தும்வரை ஓயாது. ஒரே ஓர் எழுத்துக்கு இவ்வளவு உழைப்பு!

இத்தனைக்கும் ஸ்கேன்எஃப் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் எத்தனை மதிப்புகளை வாங்க முடிந்தது என்று திருப்பிச் சொல்லிவிடுகிறது. ஓர் எண் கேட்டுக் கிடைத்தால் 1, எழுத்து வந்தால் 0, உள்ளீடே தீர்ந்துபோனால் இஓஎஃப். அந்த விடையைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொடுக்கிறோமே, அந்த ஆசிரியத் திறமை சாதாரணமா! வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்பார்: "ஸ்கேன்எஃப்போட ரிட்டர்ன் டைப் என்னம்மா?" "இன்ட், சார்." முழு மதிப்பெண். அந்த இன்ட் எதற்காக வருகிறது என்று கேட்டு ஒரு பெண்ணின் மனத்தைக் கலக்கும் கொடுமையை அவர் செய்வதில்லை. உபுண்டுவில் ஜிசிசி கம்பைலரை ஆப்டிமைசேஷனோடு ஓட்டினால், திருப்பித் தந்த மதிப்பைக் கண்டுகொள்ளவில்லை என்று அதுவே எச்சரிக்கும். அதற்கும் நம் ஆய்வகங்களில் பக்குவமான பதில் இருக்கிறது: "வார்னிங்தானே, எரர் இல்லையே."

பஃபரில் எழுத்து தங்கிவிடுகிறது என்று யாராவது முறையிட்டால் கைவசம் மருந்தும் உண்டு. எஸ்டிடிஇன் மீது எஃப்ஃபிளஷ் போடு என்பார்கள். அந்தக் கட்டளை வெளியீட்டுக்கானது. உள்ளீட்டின் மேல் போட்டால் என்ன ஆகும் என்று சி தரநிலை வரையறுக்கவில்லை. சில விண்டோஸ் கம்பைலர்களில் கேட்கும், லினக்ஸ் முனையத்தில் கேட்காது. ஆய்வகத்தில் ஓடி, வீட்டுக் கணினியில் ஓடாத நிரலைத் தந்து, பிள்ளைகளை ஆய்வகத்துக்கே வரவழைக்கும் அக்கறை இது.

ஏடூஐ என்றொரு சமத்துவவாதியும் இருக்கிறது. சரத்தை எண்ணாக்கித் தரும் செயல்கூறு. தேர்வில் பூஜ்யம் வாங்கியவன் 0 என்று தட்டினாலும், மதிப்பெண் கேட்ட இடத்தில் ஒருவன் தன் பெயரைத் தட்டினாலும் அது தருவது 0தான். இருவருக்கும் இடையே வேற்றுமை பாராட்டாது.

பைத்தானுக்கு மாறிவிட்டால் இந்தப் புகழெல்லாம் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். அதன் இன்ட் கொஞ்சம் கறார்தான். எழுத்தைக் கண்டால் வேல்யூஎரர் என்று நிரலை நிறுத்திவிடும். ௧௨ என்று தமிழ் எண்ணில் தட்டினால் மட்டும் 12 என்று புரிந்துகொள்ளும், அந்த அருமையை மனதாரச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதே பைத்தானின் ஃப்ளோட்டிடம் 'நான்' என்று ஒலிக்கும் என்-ஏ-என் மூன்றெழுத்தைக் கொடுத்துப் பாருங்கள். "எண் அல்ல" என்பதற்கான குறியீடு அது. எண் அல்லாததையும் எண்ணாக ஏற்றுக்கொள்ளும். "0-க்குக் குறைவா, 100-க்கு மேலா" என்ற காவலையும் அந்த மூன்றெழுத்து தாண்டிவிடும். எதனோடு ஒப்பிட்டாலும் அது சிறியதும் இல்லை, பெரியதும் இல்லை. பிறகு வகுப்புச் சராசரி முழுவதுமே "எண் அல்ல" ஆகிவிடும்.

இந்தப் பெருந்தன்மை ஆய்வகத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. 2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோ பங்குச் சந்தையில், ஜே-காம் நிறுவனத்தின் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க நினைத்த மிசுஹோ செக்யூரிட்டீஸ் ஊழியர், 6,10,000 பங்குகளை ஒரு யென் வீதம் விற்பதாகத் தட்டிவிட்டார். அந்த நிறுவனம் வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளே 14,500. இல்லாத பங்கை எப்படி விற்பாய் என்று சந்தையின் கணினி கேட்கவில்லை. ஊழியரின் திரையில் எச்சரிக்கை ஒன்று வந்தது; அது தாண்டிச் செல்லப்பட்டது. வார்னிங்தானே! ஆணையைத் திரும்பப் பெற முயன்றபோது மட்டும் சந்தையின் கணினி அதை ஏற்க மறுத்தது. இழப்பு சுமார் 4,000 கோடி யென்.

இந்தப் பெருந்தன்மைக்கு நேர்மாறாக ஒரு சந்தேகப்பிராணி நிரலும் உண்டு. எஃப்கெட்ஸ் கொண்டு முழு வரியையும் வாங்கும். ஸ்டர்-டூ-எல்லிடம் கொடுத்து, எண் எங்கே முடிந்தது என்று கேட்கும். எண்ணே தொடங்கவில்லை என்றால் ஏற்காது. எண்ணுக்குப் பின்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் ஏற்காது. எல்லை மீறியிருக்கிறதா என்று எர்நோவைப் பார்க்கும். அதன் பிறகும் 0 முதல் 100-க்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் காரணம் சொல்லி மறுபடி கேட்கும். இருபது வரி ஆகும். ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் கூடுதல். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த அவநம்பிக்கையைப் புகட்டாமல் காத்துவருகிறோம். நான் பார்த்த செய்முறைத் தேர்வுகளில் அல்காரிதத்துக்கு இவ்வளவு, நிரலுக்கு இவ்வளவு, அவுட்புட்டுக்கு இவ்வளவு, வைவாவுக்கு இவ்வளவு என்று மதிப்பெண்ணைப் பிரித்திருப்பார்கள். தவறான உள்ளீட்டைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தவளுக்கென்று அதில் ஒரே ஒரு மதிப்பெண்கூட ஒதுக்காத சிக்கனத்தையும் இந்தப் பாராட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.