சோத்தாங்கையில் கயிறு

நம் ஊர் மலைகளெல்லாம் ரொம்ப மரியாதையானவை. படி இருக்கும். வழியில் சுக்குக் காப்பிக்காரர் இருப்பார். ஏறி முடித்தால் பழநியில் பஞ்சாமிர்தம், திருப்பதியில் லட்டு என்று ஏதோ ஒன்று நமக்காகக் காத்திருக்கும். இந்த நம்பிக்கையிலேயே வளர்ந்த ஒரு மனுஷனைக் கூட்டிக்கொண்டு போய் ராமநகரத்தில் ஒரு மொட்டைப் பாறைக்கு அடியில் நிறுத்தினால் அவன் என்ன கேட்பான்? "மேலே என்னம்மா கிடைக்கும்?" என்றுதான் கேட்டேன். "வ்யூ கிடைக்கும்ப்பா" என்றாள் மகள்.

பெங்களூரிலிருந்து மைசூர் ரோட்டில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் ராமநகரம். 1975-இல் வந்த 'ஷோலே'யில் கப்பர் சிங் உலாத்திக்கொண்டே மிரட்டுவானே, அந்தப் பாறைகள்தான். வயது ஏறக்குறைய 250 கோடி வருஷம் என்கிறார்கள். அவ்வளவு பெரிய கொள்ளைக்காரனே நடக்கிற இடமாகப் பார்த்து நடந்தானே ஒழிய, கயிறு கட்டிக்கொண்டு தொங்கவில்லை. பக்கத்துக் குன்று பாறுக் கழுகுகளின் சரணாலயம்; 2012-இல் அறிவித்தார்கள். செத்ததைத்தான் தின்னுமாம். நான் ஹார்னஸ் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் ஒன்றிரண்டு மேலே வட்டமிடுகிற மாதிரி எனக்குத் தோன்றும். பருந்துதான் என்கிறாள் மகள்.

அவளுக்கு இந்தப் பாறையேறும் பழக்கம் வேலைக்குப் போன இடத்தில் தொற்றிக்கொண்டது. வார நாளில் கண்டீரவா ஸ்டேடியத்துச் செயற்கைச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நிஜப் பாறை. டாக்டர் என்னிடம் 'கொஞ்சம் நடங்க' என்று சொன்னதை வைத்துக்கொண்டு என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டாள். நடப்பதற்கும் செங்குத்தாக நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த டாக்டர் சீட்டில் எழுதியிருக்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. மகள் கட்சியின் கொள்கை எல்லாம் கிராம் கணக்கு. நாள் முழுக்க உடம்பை வருத்துகிறவன் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டுமாம். ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் சொச்சம் வந்துவிடும். அப்புறம் பேரீச்சம்பழம், கடலைமிட்டாய், ஓ.ஆர்.எஸ். கரைத்த தண்ணீர். எண்ணெயில் பொரித்தது கூடாது. மெதுவாகத்தான் செரிக்கும், வயிற்றிலேயே டேரா போட்டுவிடும். ஒரேயடியாக மூக்கு முட்டச் சாப்பிடவும் கூடாது. கைகாலுக்குப் போக வேண்டிய ரத்தம் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடும்.

என் மனைவியின் கட்சிக்குக் கொள்கை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஆறடுக்குத் தூக்குதான் கொள்கை. சனிக்கிழமை ராத்திரியே உருளைக்கிழங்கு வெந்தாகிவிடும். விடியற்காலை நாலு மணிக்கு எலுமிச்சை சாதம், புளியோதரை, தயிர் சாதம். தயிர் சாதம் என்றா சொன்னேன்? அது கிளம்பும்போது பால் சாதம்தான். குழையக் குழைய மசித்த சாதத்தில் காய்ச்சிய பாலை ஊற்றி, பேருக்கு ஒரு ஸ்பூன் தயிரை விட்டு மூடுவாள். பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் புளிப்பு ஏறாமல், பதமாக உறைந்து, மேலே கடுகும் இஞ்சியும் மினுமினுக்கும். எல்லாம் நிழலில் வைத்திருந்தால். வெயிலில் காய்கிற கருங்கல்மேல் வைத்தால் பத்து மணிக்கே அது தயிரைத் தாண்டி வேறெங்கோ போய்விடுகிறது.

"அம்மா, அந்த அலெக்ஸ் ஹானல்ட் இருக்கானே, 2017-ல எல் காபிடன்ல கயிறே இல்லாம ஏறினான். 3 மணி 56 நிமிஷம். மூவாயிரம் அடி!" என்றாள் மகள், குறைவாகச் சாப்பிடுவதன் மகிமையை விளக்க.

"அவன் என்ன சாப்பிடுவான்?"

"வெஜிடேரியன்மா."

"பாத்தீங்களா!" என்று மனைவி என் பக்கம் திரும்பினாள், ஏதோ அந்தப் பையனுக்கு இவள்தான் சாம்பார் கட்டிக் கொடுத்த மாதிரி. நானும் சும்மா இருக்கவில்லை. அதே எல் காபிடனில் 1970-இல் வாரன் ஹார்டிங் என்றொருவர் கூட்டாளியோடு 27 நாள் தொங்கித் தொங்கி ஏறினார். போகும்போது ஒயினும் கொண்டுபோனார் என்று நானாகப் படித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அமெரிக்க மலையேற்ற வரலாறு அத்தோடு முடிந்தது.

இரண்டு கட்சியையும் திருப்திப்படுத்தலாம் என்று நினைக்கிற அப்பாவிக்கு வழியில் பிடதி வருகிறது. பிடதி என்றால் தட்டு இட்லி. சாப்பாட்டுத் தட்டில் பாதியை அடைக்கும், மேலே வெண்ணெய் உருகி வழியும். "ஒண்ணு போதும்ப்பா, ஏறணும்" என்றாள் மகள். ஒன்றுதான் சாப்பிட்டேன். அப்புறம் சட்னி மிஞ்சியது. சட்னியை வீணாக்கக் கூடாதே என்று இன்னொன்று.

ஹார்னஸ் என்பது இடுப்புக்கும் தொடைக்கும் போடுகிற வார். அதைத் தயாரிக்கிறவர்கள் இடுப்பு என்று ஓர் இடம் எல்லோருக்கும் இருக்கும் என்ற நல்லெண்ணத்தில் தயாரிக்கிறார்கள். எனக்கு அந்த வார் தொப்பைக்கு மேலேயா கீழேயா என்று பயிற்சியாளர் தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கினால்தான் தலைகீழானாலும் கழலாதாம். இறுக்கினான். பிடதி இட்லி இரண்டும் நெஞ்சு வரை வந்து என்ன விஷயம் என்று விசாரித்துவிட்டுப் போயின.

ஆனால் சாப்பாட்டுக்கு நிஜமான சத்துரு ஹார்னஸ் இல்லை, பிலே. ஒருவர் ஏறும்போது இன்னொருவர் கீழே நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும், அதுதான் பிலே. வலது கை பிரேக் கை. வானமே இடிந்து விழுந்தாலும் அந்தக் கை கயிற்றை விடக் கூடாது. விட்டால் மேலே இருப்பவர் கதி அதோகதி. மேலே இருப்பவள் என் மகள். விடுவேனா? ஆனால் யோசித்துப் பாருங்கள், சாப்பாட்டுக்கென்று ஆண்டவன் கொடுத்த கையைக் கொண்டுபோய்க் கயிற்றில் பூட்டிவிட்டு, 'மணிக்கு 30 கிராம் சாப்பிடு' என்றால் எந்தக் கையால் சாப்பிடுவது? சட்டைப் பையில் முறுக்கு இருக்கிறது. இடது கை சும்மாத்தான் இருக்கிறது. ஆனால் சின்ன வயதில் பீச்சாங்கையால் பட்சணம் எடுத்தபோது அம்மா போட்ட போடு இன்னும் புறங்கையில் உறைக்கிறது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எடுத்து வாயில் போட்டேன். பிலே பண்ணுகிறவன் அண்ணாந்துதான் நிற்க வேண்டும். அண்ணாந்தபடி முறுக்கு கடித்துப் பாருங்கள். பாதி கண்ணுக்குள் போகும்.

"அங்கிள், ரெண்டு கையும் கயித்துல!" என்றான் தம்பி. அதோடு, முறுக்கு எண்ணெயோடு பாறையைத் தொடக் கூடாதாம். வியர்வை வழுக்கக் கூடாதென்று இவர்கள் கையில் சாக் பொடி, அதாவது மக்னீசியம் கார்பனேட், பூசிக்கொள்கிறார்கள். எண்ணெய்க் கை பட்டால் பிடிமானம் போய்விடும். பின்னால் ஏறுகிறவனுக்கும் வழுக்கும். 250 கோடி வருஷம் சுத்தமாக இருந்த பாறையில் மணப்பாறை வாசனை அடிக்க வைத்த பெருமை எனக்குத்தான் என்று நினைக்கிறேன்.

உச்சிவெயிலில் யாரும் ஏறுவதில்லை. கல் சுடும், விரல் வியர்க்கும், ஒன்றும் பிடிபடாது. பதினொன்றரை முதல் மூன்று மணி வரை பாறை நிழலில் ஓய்வு. இளசுகள் ஆளுக்கொரு பழம், நாலு பேரீச்சை, ஒரு எனர்ஜி பார் என்று கொறித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். அந்த பாரை நானும் ஒன்று கடித்துப் பார்த்தேன். ரப்பர் செருப்பில் பேரீச்சை தடவின ருசி. ஒன்றின் விலைக்குக் கால் கிலோ கடலைமிட்டாய் வாங்கலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கொடுத்தார்கள். வெல்லம் உடனே தெம்பு தரும், கடலை நின்று நிதானமாகத் தரும். ஒரு துண்டு, ஒரு மிடறு தண்ணீர், வேலை முடிந்தது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் சும்மா சொல்லக் கூடாது. லிட்டருக்குச் சர்க்கரை 13.5 கிராம், உப்பு 2.6 கிராம் என்று அளந்து போட்டிருக்கிறார்கள். வியர்த்துக் கொட்டுகிற உடம்புக்கு வெறும் தண்ணீரைவிட அது எவ்வளவோ மேல். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் புளியோதரையைத் திறந்தேன்.

மூன்று மணிக்கு, "அங்கிள், உங்க டர்ன்" என்று எழுப்பினார்கள்.

ஏறினேன். ஏறினேன் என்பது என் தரப்பு. கயிறு இழுத்தது என்பது மகள் தரப்பு. முப்பதடி உயரத்தில் காலுக்கு விளிம்பு அகப்படவில்லை. "உடம்பைப் பாறையோட ஒட்டுங்க அங்கிள்!" என்று தம்பி கத்தினான். வயிறு எப்போதோ ஒட்டிவிட்டது. நான்தான் ஒரு சாண் தள்ளி இருந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். கீழே எல்லோரும் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு குரங்கு எங்கள் பையைத் திறந்துகொண்டிருக்கிறது. இரண்டு கையும் பாறையில். "குரங்கு! குரங்கு!" என்று கத்தினேன். "கீழ பாக்காதீங்க அங்கிள்! ரிலாக்ஸ்!" என்றான் தம்பி. முதலில் எனர்ஜி பாரை எடுத்தது. கடித்தது. என்னைப் போலவே முகத்தைச் சுளித்தது. தூர எறிந்தது. அப்புறம் தூக்கைக் கழற்றி, என் பங்கு என்று மிச்சம் வைத்திருந்த எலுமிச்சை சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் முன்னால் வைத்துக்கொண்டு, சாவகாசமாக உட்கார்ந்து, சோத்தாங்கையால் சாப்பிட ஆரம்பித்தது. அத்தனை பேரில் அன்றைக்கு முறையாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் கயிறு, கை நடுக்கம், குரங்கு எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். முழங்கை சிராய்ப்பையும் காட்டினேன். அவள் காலித் தூக்கைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"வறுவலையும் தின்னுடுச்சா?"

"ஒண்ணு விடல."

"உப்பு சரியா இருந்துதாமா?"