கே.டி. கொடுக்காத சீனியர்

சோழிங்கநல்லூரோ சிறுசேரியோ, எந்த மென்பொருள் அலுவலகத்திலும் ஒரு சீனியர் இருப்பார். கம்பெனியின் பழைய புரோகிராம்களில் பாதி அவர் கைவண்ணம்தான். எதற்கும் ஆவணம் கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர் யாராவது "டாக்குமென்டேஷன் எங்கண்ணா இருக்கு?" என்று கேட்டுவிட்டால், அவர் முகத்தில் கருணை படரும். "கோடிங்கைப் படி தம்பி, எல்லாம் அதுலயே இருக்கு."

அதில் இருப்பவை 'கெட்_டேட்டா', 'கெட்_டேட்டா2', 'கெட்_டேட்டா_ஃபைனல்'. மூன்றில் நிஜமாக ஓடுவது இரண்டாவது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஆர்டரின் நிலை 9 என்றால் ரத்து. 8 என்றால் என்ன என்று கேட்டால், "அது பெரிய கதை" என்று எழுந்து டீக்குப் போய்விடுவார்.

இதனால் வேலை ஒருநாளும் நின்றதில்லை. சந்தேகம் வந்தவர்கள் அவரோடு டீக்கடை வரை நடந்து பதிலை வாங்கி வந்தார்கள். கே.டி., அதாவது தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் 'நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்', கொடுக்கச் சொல்லி மேனேஜர் நச்சரித்தால், திரையைப் பகிர்ந்து இரண்டு மணி நேரம் பேசுவார். அந்தப் பதிவை இதுவரை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை.

பிறகு ஏஐ ஏஜென்ட் வந்தது. அதற்கு டீ குடிக்கும் பழக்கம் இல்லை.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற நெறிமுறையை வெளியிட்டது. இதன்படி ஏஜென்டிடம் ஒரு கருவியைக் கொடுக்கும்போது அதன் பெயர், அது செய்யும் வேலையின் விளக்கம், அதற்குத் தர வேண்டிய விவரங்களின் வடிவம் ஆகியவற்றைச் சொல்கிறோம். ஏஜென்ட் இவற்றைப் பார்த்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்கிறது. உள்ளே இருக்கும் கோடிங் அதன் கண்ணில் படுவதே இல்லை.

சீனியர் தம் மூன்று 'கெட்_டேட்டா'க்களையும் கருவிகளாக்கி, வழக்கப்படி மூன்றுக்கும் ஒரே விளக்கத்தை எழுதினார்: "டேட்டாவைக் கொண்டுவரும்." பாட்டி ரசத்துக்குச் சொல்லும் 'தேவையான அளவு உப்பு' மாதிரி. ஏஜென்ட் பெயரை நம்பி 'ஃபைனலை' எடுத்தது. 03-04-2025 என்ற தேதியை மார்ச் 4 என்று வைத்துக்கொண்டது. 'கிளியர்' என்ற கருவி தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும் என்று எண்ணி அழைத்தது; அது சோதனை டேட்டாபேஸை மொத்தமாகத் துடைத்தது. சீனியர் திட்டினார். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்று பணிவாக ஒப்புக்கொண்ட ஏஜென்ட், மறுநாள் புதிய உரையாடலில் அதே 'ஃபைனலை' மறுபடி எடுத்தது. நேற்று வாங்கிய திட்டு அதற்கு நினைவில்லை.

அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டார்.

இப்போது அவர் எழுதும் விளக்கங்களைப் பார்க்க வேண்டுமே! "தேதி: ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் மட்டும், எடுத்துக்காட்டு 2025-04-03." நிலைக்கு எண்கள் போய், 'ரத்து', 'அனுப்பப்பட்டது' என்று சொற்களே வந்துவிட்டன. 'யூசர்' என்ற இடத்தில் 'யூசர்_ஐடி'. அழிக்கும் கருவிகளுக்கெல்லாம் 'டிஸ்ட்ரக்டிவ்' என்ற குறி. "விலையைப் பார்க்க இதை அழைக்க வேண்டாம், அதற்கு வேறு கருவி உண்டு" என்று வழிகாட்டுகிறார். வெறும் 'எரர் 500' என்று முறைத்துக்கொண்டிருந்த அவருடைய புரோகிராம், "நீங்கள் தந்த தேதி இனிமேல்தான் வரப்போகிறது, இன்றைய தேதியோ அதற்கு முந்தையதோ தரவும்" என்று தன்மையாகப் பேசுகிறது.

மீட்டிங்கில் அவர் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் உருவாக்கிய ஓர் ஏஜென்ட், வேறு ஃபோல்டருக்குப் போனதும் கோப்புகளின் பாதையைத் தவறாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் கருவியையே மாற்றி, எப்போதும் முழுப் பாதையைத்தான் தர வேண்டும் என்று வைத்தார்கள். தவறு நின்றுவிட்டது. "தப்பு ஏஜென்ட் மேல இல்லப்பா, கருவி மேல" என்று முடிப்பார். ஜூனியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுடைய தப்புக்கு இப்படி யாரும் வக்காலத்து வாங்கியதில்லை. இதெல்லாம் இருந்தும், ஏஜென்டுக்காக எழுதிய விளக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அவர்கள் இப்போது வேலையை முடிக்கிறார்கள்.

பழக்கம் மட்டும் முழுதாக விடவில்லை. ஒரு விளக்கத்தின் கடைசியில், "சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்கவும்" என்று எழுதிவிட்டார். இதற்கு முன்னுதாரணமும் வைத்திருந்தார்: 1971இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டில், கட்டளைகளுக்குக் கீழே உரியவர் யார் என்று கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரின் பெயர்ச் சுருக்கங்கள் இருக்கும். ஏஜென்டுக்கு அந்த வரலாறு பிடிபடவில்லை. தன் கருவிப் பட்டியலில் 'என்னை' என்று எதுவும் இல்லை எனத் தெரிவித்துவிட்டு நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல் 'ஆஸ்க்_சீனியர்' என்று ஒரு கருவியைச் சேர்த்தார். அதற்கும் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. "மற்றக் கருவிகளில் விடை கிடைக்காதபோது மட்டும் அழைக்கவும். ஒரு முறைக்கு ஒரு கேள்வி. மாலை 4 முதல் 4.30 வரை பதில் வராது. ஒரே கேள்வியை இரண்டாம் முறை அனுப்பினால் வேறு பதில் வரக்கூடும். திங்கட்கிழமை காலைகளில் டிஸ்ட்ரக்டிவ்."

ஜூனியர்கள் அதைப் பிரின்ட் எடுத்து, அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறார்கள்.