'சர்நேம்' என்னும் கட்டம்: கோர்படி வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

இரட்டைப் பாடத்திட்டப் பன்னாட்டுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பித்தல் குறித்து இதுவரை எவரும் ஆராயாதது வியப்பிற்குரியது. (எல்லா ஆய்வேடுகளும் இப்படித்தான் தொடங்குகின்றன. யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று நானும் தேடிப் பார்க்கவில்லை.) ஆய்வுக்களம்: புனே, கோர்படி, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஆய்வுக்காலம்: இரண்டு இரவுகள். முதன்மைச் சான்றுகள்: பதினொரு வயது மகள் ஒருத்தி, பதினேழு பக்க விண்ணப்பம் ஒன்று.

1. கட்டணம்

திருப்பித் தரப்படாது.

2. பெண்கல்வி வரலாறு

1848இல் புனேயின் பிடே வாடாவில் புலே தம்பதியர் பெண்களுக்குப் பள்ளி திறந்தபோது விண்ணப்பப் படிவம் இருந்ததாகச் சான்றில்லை. வழியில் சாணமும் சேறும் எறிவார்கள் என்பதால் சாவித்திரிபாய் புலே மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துப் போவார். 1884இல் ஹுசூர்பாகா பள்ளி வந்தது. பேஷ்வாக்களின் குதிரைப்படை இருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். இன்று மாற்றுச் சேலை தேவையில்லை. மாற்று நகல்கள் மூன்று, சான்றொப்பத்துடன், போதும். வளர்ச்சி தெற்றெனப் புலனாகிறது.

3. பாடத்திட்டம்

ஒன்று உள்நாட்டு வாரியம்; மற்றொன்று 1988 முதல் தேர்வு நடத்திவரும் கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. மாடு இரண்டானாலும் நுகத்தடி ஒன்றே என்க. அது யார் கழுத்தில் என்பதை முதன்மைச் சான்று அறிவாள்.

4. மொழி

எந்த வாரியமானாலும் மராத்தி கட்டாயம் என்கிறது மகாராஷ்டிரத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டம். ஆங்கிலம் கேட்காமலே வரும். பிரெஞ்சு விருப்பப் பாடம். தமிழுக்கு 'பொழுதுபோக்குகள்' பகுதியில் இடம் கிடைத்தது, நீச்சலுக்கும் கீபோர்டுக்கும் நடுவில்.

5. சர்நேம்

இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை.

5.1 சிக்கல்

விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்தின் தலையில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. மராத்தியர்க்கு இது சிக்கலே அன்று: தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர், சச்சின் ரமேஷ் டெண்டுல்கர் என்பது போல. நம்மிடம் இருப்பதோ இனிஷியல். ஒற்றை எழுத்து; பக்கத்தில் ஒரு புள்ளி. பிள்ளைக்கு முன்னால் அப்பா நிற்கிறார் என்பதே அதன் பொருள். (தமிழ்க் கல்விப்புலத்திலும் இவ்வழக்கு உண்டு: மாணவர் எழுதிய கட்டுரைக்கு முன்னால் வழிகாட்டியின் பெயர் நிற்கும். வேறுபாடு ஒன்றே, பிள்ளையைப் பெற்றதில் அப்பாவுக்குப் பங்குண்டு.)

5.2 மாறுபடும் கருத்துகள்

அ. அப்பா பெயரையே சர்நேம் ஆக்கலாம் என்பர் (இரண்டாம் மாடி மாமி, மாடிப்படி, கையில் பால் பாக்கெட்).

ஆ. சொந்த ஊர்ப் பெயரைச் சேர்க்கலாம் என்பர் (மைத்துனர், திருநெல்வேலியிலிருந்து தொலைபேசி வழி, அந்நேரம் சரக்கு ரயில் ஒன்று போனதால் சான்று காட்டிய பகுதி கிடைத்திலது).

இ. பெண்ணின் பெயரையே இருமுறை எழுதலாம் என்பர் (மேற்படி மாமி, திருத்திய இரண்டாம் பதிப்பு, மொட்டைமாடி, வடகம் காயவைத்தபடி; முதற்பதிப்பில் இக்கருத்து இல்லை; காக்கை விரட்டப் போனமையால் இறுதி வாக்கியம் சிதைந்துள்ளது).

ஈ. "நம்ம சாதிப் பேரைப் போட்டா என்ன?" என்பாரும் உளர் (ஒன்றுவிட்ட பெரியப்பா, கல்யாணப் பந்தி, ரசத்துக்கும் மோருக்கும் இடைப்பட்ட காலம், வலக்கையில் அப்பளம், இதை அவர் மறுத்தது அதே பந்தி, பாயசம், என் அம்மா முறைத்தபின்).

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டார்கள். எனவே அந்தக் கட்டத்தில் எழுத நம்மிடம் ஒன்றுமில்லை என்பது பிழை. இருந்ததைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறோம். கணினிக்கு வெறுமை மட்டுமே தெரியும், துடைத்த கை தெரியாது.

5.3 உடும்பு

மராத்தியில் 'கோர்பட்' என்றால் உடும்பு. உடும்பின் உடலில் கயிறு கட்டிக் கோட்டைச் சுவர் ஏறிய முன்னோரால் வந்த பெயர் கோர்படே என்று அக்குடும்பத்தார் கதை சொல்வர். கோர்படே, கோர்படி, உடும்பு, உடும்புப் பிடி, விண்ணப்பம். இவற்றுக்குள் உறவுண்டு என்று நிறுவ வேண்டிய கடமை சொல்லாராய்ச்சியாளனுக்கு இல்லை. அடுத்தடுத்து எழுதிவிட்டால் போதும். உறவு தானே முளைத்துவிடும்.

5.4 சோதனையும் விளைவும்

கருத்து 'அ' ஏற்கப்பட்டது. முன்னாள் உலக சதுரங்க சாம்பியன் ஆனந்தையே அப்பா விஸ்வநாதன் பெயரைச் சுருக்கி 'விஷி' என்று உலகம் கூப்பிடும்போது எம் மகள் எம்மாத்திரம்? மகளின் சர்நேம் என் பெயர். என் சர்நேம் என் அப்பா பெயர். உடனே சிவப்பில் ஒரு வரி: 'பெற்றோர் சர்நேம் பொருந்தவில்லை.'

அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். "நீங்க சொந்த அப்பாதானே?" என்று பணிவாகக் கேட்டார்கள். ஐஸ்லாந்தில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயரோடு 'மகள்', 'மகன்' என்று சேர்த்துக்கொள்வதுதான் அங்கே வழக்கம் என்று பன்னாட்டுச் சான்று காட்டினேன். மறுமுனையில் சிறிது அமைதி. "அப்படின்னா ஐஸ்லாந்து பாஸ்போர்ட் நகலையும் ஏத்திடுங்க சார்."

6. முடிவுரை

எப்படியோ விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பத்தாம் நாள் நேர்காணலுக்கு அழைப்பும் வந்தது. சர்நேம் வழக்குப்படி என் அப்பாவின் பெயரை விளித்து, 'மதிப்பிற்குரிய திரு.' என்று தொடங்கியது கடிதம். உங்கள் மகளின் கல்விப் பயணத்தில் எங்களுடன் கைகோக்க வாருங்கள், சனிக்கிழமை காலை பத்து மணி, அசல் சான்றிதழ்களுடன்.

அப்பா படித்தது அஞ்சாம் வகுப்பு. கோர்படி டீசல் ஷெட்டில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று, போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். அவரை 'மதிப்பிற்குரிய' என்று விளித்து எழுதப்பட்ட முதல் கடிதம் இதுவாகவே இருக்கலாம்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பெயர் வந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டுச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"சனிக்கிழமையா? கேட்டு போட்டுடுவான். வெள்ளன கெளம்பச் சொல்லு."

யாரை என்று சொல்லவில்லை. எழுவாய் மறைந்துள்ளது, மேலாய்வுக்குரியது.