அடித்ததைச் சுரண்டும் கலை

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா காலத்துத் தேக்கு பீரோ ஒன்று இருக்கிறது. போன சித்திரையில் அதற்குச் சாம்பல் கலந்த நீலத்தில் பெயின்ட் அடிக்க ஆள் வந்தார். இரண்டு நாள் அடித்தார். மூன்றாம் நாள் உப்புத்தாளை எடுத்து, தான் அடித்ததையே ஓரம் ஓரமாகத் தேய்க்க ஆரம்பித்தார். அம்மா பதறிப்போய் என்னைத் தனியே கூப்பிட்டு, "கூலியில கை வச்சியாடா? கோவத்துல அடிச்சதைச் சுரண்டுறான் பாரு" என்றாள்.

கூலியில் நான் கை வைக்கவில்லை. அடிக்கக் கேட்டதைவிடச் சுரண்டத்தான் அவர் அதிகம் கேட்டிருந்தார். என் மனைவியின் திட்டத்துக்குப் பெயர் 'ஃப்ரெஞ்ச் விண்டேஜ்'. வீடு பிரெஞ்சுக்காரர் வீடு மாதிரியும் இருக்க வேண்டும். அந்தப் பிரெஞ்சுக்காரர் மூன்று தலைமுறையாகப் பெயின்ட் அடிக்க வக்கில்லாமல் இருந்த மாதிரியும் இருக்க வேண்டும்.

நாங்கள் புதுச்சேரிக்காரர்கள்தான். ஆனால் பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். கடலோரமாக மஞ்சள் சுவரும் வெள்ளை விளிம்புமாக நிற்பவை அந்தப் பக்கத்து வீடுகள். இந்தப் பக்கத்திலும் கீழே தூண் வைத்த திண்ணை, மேலே பிரெஞ்சு வளைவு ஜன்னல் என்று கலப்பு மாடி வீடுகள் உண்டு. எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. 1954-ல் மூட்டை கட்டிக்கொண்டு போகும்வரை எங்கள் வாசற்படி ஏறாத பிரான்ஸ், இப்போது கூரியரில் வந்து இறங்கியது.

முதலில் வந்தது திரைச்சீலை. வெள்ளைத் துணியில் ஒற்றைச் சிவப்பில் ஆடு மேய்க்கும் பெண்கள், மரத்தடி, ஊஞ்சல். 'துவால் து ழூய்' பாணியாம். வெர்சாய்க்குப் பக்கத்தில் ழூய் என்ற ஊரில் ஓபர்காம்ஃப் என்பவர் 1760-ல் துணி அச்சடிக்கப் பட்டறை போட்டார். அதற்கு முந்தைய வருஷம்வரை பிரான்ஸில் அந்தத் தொழிலுக்கே தடை. 1686-ல் போட்ட தடை. காரணம் நாம்தான். சாயவேரும் படிகாரமும் சேர்ந்து, துவைக்கத் துவைக்க நிற்கும் சிவப்போடு நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணியில் அந்த நாடே சொக்கிக் கிடந்தது. பட்டு, கம்பளி நெய்தவர்கள் பிழைப்பு போயிற்று என்று கூச்சல் போட்டார்கள். 73 வருஷம் தடுத்துப் பார்த்தும் ஆகாமல், கடைசியில் அவர்களே அச்சடிக்க உட்கார்ந்தார்கள்.

இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் விளக்கினேன். "அதான் நம்ம வீட்டுக்கு இவ்வளவு பொருந்துது" என்றாள் மனைவி. அம்மா மட்டும் சீலையைத் தடவிப் பார்த்து, "ஒரு தண்ணிக்குத் தாங்குமா?" என்றாள். தாங்கவில்லை. ஆட்டிடைச்சிகளின் சிவப்பு முழுக்க என் வேட்டிக்குக் குடிபெயர்ந்தது.

அடுத்தது தோட்டம். தோட்டம் என்றால் கொல்லையில் பத்தடி. அங்கே லாவண்டர் வைத்தாள். மலைச்சரிவில் காய்ந்த மண்ணில் வளர்கிற செடி. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தது. வெள்ளையடித்த சதுர மரப்பெட்டி ஒன்றும் வந்தது. வெர்சாய் அரண்மனையில் ஆரஞ்சு மரங்களை இப்படிப் பெட்டியில் வைத்து, குளிர்காலம் வந்தால் தூக்கி உள்ளே வைப்பார்கள். எங்களுக்குக் குளிர்காலமும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. அம்மா அதில் கறிவேப்பிலை நட்டுவிட்டாள். பதினான்காம் லூயிக்குக்கூட ரசத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இலை கிடைத்திருக்காது.

தப்பித்தது வாசலில் இருந்த காகிதப்பூ. அது 'லோக்கல்' என்று வெட்டப் போனார்கள். பூகன்வில் என்ற பிரெஞ்சு மாலுமியின் கப்பலில் போன தாவரவியலாளர் 1767-ல் பிரேசிலில் பார்த்தது, தலைவர் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லித் தடுத்தேன். அன்றிலிருந்து அதற்குத் தனிக் கவனிப்பு.

அந்தக் காகிதப்பூவின் கீழேதான், பாரிஸ் பூங்காக்களில் போடுகிற மாதிரி இரண்டு மடக்கு இரும்பு நாற்காலியும் ஒரு குட்டி மேசையும் போட்டாள். பீரோவுக்குக் காசு கொடுத்து ஏற்றிய பழமையை, நாற்காலிக்குக் கடற்காற்று ஆறே வாரத்தில் இலவசமாக ஏற்றியது. துரு பிடித்துவிட்டதே என்று மனைவி வருத்தப்பட்டாள். துருவிலும் ஜாதி உண்டு போலிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, ஊர் சுற்ற வந்த இரண்டு பிள்ளைகள் நேராக வந்து அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து, "ரெண்டு காபி ஆன்ட்டி, குரோசான் இருக்கா?" என்றார்கள். யாரோ பேரனுடைய சிநேகிதர்கள் என்று அம்மா நினைத்துவிட்டாள். டவராவில் காபியும், குரோசானுக்கு முறுக்கும் வந்தன. சாப்பிட்டுவிட்டு, சுற்றிச் சுற்றிப் படம் பிடித்துக்கொண்டு, டவராவுக்கு அடியில் ஐந்நூறு ரூபாய் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அம்மா நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மருமகளைக் கூப்பிட்டாள்.

"அந்தத் துருப்பிடிச்ச நாற்காலி இன்னும் ரெண்டு வாங்கிப் போடும்மா."