மீனுக்குப் போன பெயர்: புட்டரில் ஒப்பமிடுதல் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மாதச் சம்பளத்துக்கு இணையத்தளம் கட்டுகிறவன் அதன் அடியில் தன் பெயரைப் போடலாமா, கூடாதா? அடி என்பது ஈண்டுப் புட்டர். அப்பெயர் பதினொரு பிக்சல் அளவில், சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டவருக்கும் தட்டுப்படாதபடி எழுதப்படுவதால், அதை ஆசை என்பதா கூச்சம் என்பதா என்று துணிய முடியவில்லை.

2. முன்னோர் வழக்கு

புட்டரைக் கண்டுபிடித்தவர் திருஞானசம்பந்தர். பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயர், ஊர் சீகாழி, ஓதினால் வரும் பயன் மூன்றையும் வைத்தார். அதுவே திருக்கடைக்காப்பு. இன்றைய புட்டரிலும் பெயர், ஊர், 'எங்களை அழையுங்கள்' என்று மூன்றே. ஆனால் சம்பந்தருக்கு மனேஜர் இல்லை. ஆகவே இச்சான்று பாதிதான் செல்லும்.

பெயர் போடாதார் கதி வேறு. குறுந்தொகைப் புலவர் ஒருவர் தம் உவமையாலேயே செம்புலப்பெயனீரார் ஆனார். எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி 'நானூற்றிநாலு' ஆனதும் இவ்விதிப்படியே. அவன் கட்டிய தளத்தில் பாதிப் பக்கங்களைக் காணவில்லை.

சம்பளக்காரருக்கு நேரான முன்னோர் வாரன் ரொபினெட். அட்டாரி நிறுவனம் வீடியோ ஆட்டம் எழுதியவர் பெயரை வெளியே விடாத காலம். அவர் தம் 'அட்வென்ச்சர்' ஆட்டத்துக்குள் இரகசிய அறை ஒன்று கட்டி, பெயரை அங்கே வைத்தார். ஒரு சாம்பல் புள்ளியைத் தேடித் தூக்கிப் போனால்தான் வழி திறக்கும். நிறுவனம் அறிந்தபோது ஆள் வேலையை விட்டுப் போயிருந்தார்.

3. கள ஆய்வு: வாவி

1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் டெனன்ட், நிலவு எழுந்த பின் தோணியில் போய், வாவிக்கு அடியிலிருந்து வரும் இசையைக் கேட்டார். பாடுவது எது என்று கேட்டதற்கு மீன்பிடிகாரர் காட்டியது ஊரி என்னும் நீர்நத்தையை. ஊர் பெற்ற பட்டமோ 'மீன் பாடும் தேன்நாடு'. சாட்சி ஊரி பக்கம்; புட்டரில் ஏறியது மீன்.

டெனன்ட் அன்று இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர், அதாவது அரச சம்பளக்காரர். 1859இல் வந்த 'சிலோன்' நூலின் அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. ஊரியைக் காட்டியவர்கள் உள்ளே வெறும் மீன்பிடிகாரர்.

அவ்விசைக்குப் பேர்போன கல்லடியில் பழைய இரும்புப் பாலம் லேடி மானிங் பாலம். 1918 முதல் 1925 வரை தேசாதிபதியாக இருந்தவரின் மனைவி அவர். அம்மையார் ஓர் ஆணியும் அடித்திருக்க மாட்டார். வாவியைப் பொறுத்தவரை பெயரும் வேலையும் வெவ்வேறு இலாகாக்கள் என்பது பெற்றாம்.

4. சட்டம்

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால், வேலையில் செய்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை முதலாளிக்கு. பெயர் குறிக்கப்படும் உரிமை ஆக்கியவருக்கு. புனைபெயர் வைத்துக்கொள்ளவும், பெயரே இல்லாமல் இருக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. கடைசி வசதி ஏன் வைக்கப்பட்டது என்பது அடுத்த பரிசோதனையில் விளங்கும்.

5. பரிசோதனை

இவ்வாய்வாளன் ஒருமுறை ஹோட்டல் தளம் ஒன்றின் புட்டரில் பெயரும் போன் நம்பரும் போட்டான். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு: "தம்பி, றூம்ல ஏசி வேல செய்யுதில்ல. ஆள அனுப்புங்க." தளத்தில் பெயர் போட்டவனே கட்டிலுக்கும் கதவுக்கும் பொறுப்பு என்பது இதனால் நிறுவப்பட்டது. மறுநாளே நம்பர் போயிற்று. அடுத்த நாள் பெயரும்.

6. முடிபு

வாவி பாடுவதைக் கேட்கத் தோணிக்காரர் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைப்பார்கள். தளத்தின் கோடைத் திறந்து காட்டும் 'வியூ சோர்ஸ்' அந்தத் துடுப்பு. ஆகவே பெயரைக் கோட்டுக்குள், ஒரு கொமென்ட் வரியில் வைக்குக. மனேஜரிடம் சொல்லிவிட்டு வைக்குக. தொழில் தெரிந்தவனுக்குக் கேட்கும். ஏசி கேட்பவருக்குக் கேட்காது.

அந்த ஹோட்டல் தளத்தை அண்மையில் திறந்து பார்த்தேன். புட்டரில் வேறொரு கம்பனியின் பெயர், பெரிய எழுத்தில், லிங்க்குடன். துடுப்பை இறக்கினேன். நான் விட்டுவந்த கொமென்ட் அதே இடத்தில் கிடந்தது, ஒரே சொல்லாக: ஊரி.