குற்றால வைத்தியம்

ஜூனில் மேற்கே சாரல் விழுந்ததும் நம்மவர்களுக்கு உடம்பின் மேல் திடீர் அக்கறை பிறந்துவிடும். குற்றாலத் தண்ணீர் மூலிகைகளைத் தழுவி வருகிறதாம். தலையைக் கொடுத்தால் சகல வியாதியும் போய்விடுமாம். அவ்வளவு நம்பிக்கை இருந்தும், வேனில் முதல் சீட்டைப் பிடிப்பது மருந்துப் பைதான்: ஓமத்திரவம், தைலம், வாந்தி மாத்திரை, சுக்குப்பொடி.

குடிக்க சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர் மட்டுமே. "வெளித் தண்ணி வாயில பட்டா தோலை உரிச்சிருவேன்" என்று பிள்ளைகளை அதட்டும் அத்தை, ஐந்தருவிக்குப் போகும் வழியில் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று வாங்குவார். அது எந்த வாளியில் முங்கி எழுந்தது என்று கேட்பது அநாகரிகம். நன்னாரி சர்பத்தில் மிதக்கும் ஐஸும் ஒரு காலத்தில் தண்ணீராக இருந்ததுதான்.

எண்ணெய் மசாஜ், அருவி, நடுக்கம், அகோரப் பசி. அடுத்து பிரானூர் பார்டர். பிய்த்துப் போட்ட பரோட்டா சால்னாவில் முழுக்குப் போடும். மூலிகைத் தண்ணீர் கரைத்ததை எல்லாம் அங்கே வட்டியோடு மீட்டுவிடலாம்.

நள்ளிரவில் லாட்ஜ் கக்கூஸ் வாசலில் க்யூ. ஓஆர்எஸ் பொட்டலத்தில் '1 லிட்டர் தண்ணீரில் கரைக்கவும்' என்று அச்சிட்டிருக்கும். சித்தப்பா அரை டம்ளரில் கரைப்பார். ஸ்ட்ராங்காக இருந்தால் சீக்கிரம் கேட்குமாம். கெட்டியாகக் கரைத்தால் பேதி கூடத்தான் செய்யும் என்று சொல்லக்கூடிய நர்ஸ் மருமகள் அந்நேரம் கதவுக்கு உள்ளே இருக்கிறார்.

காலையில் அத்தை தீர்ப்பு சொல்வார்: "அந்த பாட்டில் தண்ணிதான் சேரல."